மணிக்கட்டில் இருக்கு வயசு!

உங்களுக்கு ஒரு பொது அறிவுக் கேள்வி. (டி.என்.பி.எஸ்.சி-க்குப் படிப்பவர்கள் பேனாவை எடுக்கலாம்.) ஃபுட்பாலில் இந்தியா ஆசிய இளைஞர் கோப்பையை வாங்கிய வருஷம் எது?

'1962, ஜகார்த்தா' என்று எழுதியவர்களுக்குப் பாதி மார்க். அது ஏஷியன் கேம்ஸ் தங்கம். ஆடியவர்கள் பெரியவர்கள். நான் கேட்பது பையன்களை.

சரியான விடை 1974. பாங்காக்கில் ஃபைனல். எதிரே ஈரான். நம் கேப்டன் ஹைதராபாத் ஷபீர் அலி, கோச் அருண் கோஷ். ஆட்டம் 2-2. 'ரெண்டு பேரும் பங்கு போட்டுக்குங்கப்பா' என்று கோப்பையைக் கொடுத்துவிட்டார்கள்.

பங்கு விவகாரம் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு நன்றாகவே புரியும். பெரம்பலூரிலிருந்து அரியலூரை 2001-ல் பிரித்தார்கள்; 2002-ல் சேர்த்தார்கள்; 2007-ல் மறுபடி பிரித்தார்கள். ரயில்வே ஸ்டேஷனும் சிமென்ட் ஆலைகளும் அரியலூருக்கு. சென்னை ரோடும் சின்ன வெங்காயமும் பெரம்பலூருக்கு. நான் அரியலூரில் குடியிருந்து பெரம்பலூரில் சம்பளம் வாங்குகிறவன். ஆக, நானும் ஒரு கூட்டு சாம்பியன்தான்!

இருக்கட்டும். 1974-ல் ஆசியாவையே ஜெயித்த பையன்கள் அடுத்து எங்கே போனார்கள்? எங்கேயும் போகவில்லை. இளைஞர்களுக்கான உலகப் போட்டியை ஃபிஃபா தொடங்கியதே 1977-ல், துனிசியாவில். நாம் ஜெயித்தபோது போவதற்கு ஊர் இல்லை. ஊர் வந்த பிறகு நாம் ஜெயிக்கவில்லை. அதற்குள் அந்தப் பையன்களுக்கு வயசு தாண்டிவிட்டது.

வயசு! இளைஞர் அணியின் மொத்தக் கதையும் அந்த ஒரு வார்த்தையில்தான் இருக்கிறது. சர்க்கார் உத்தியோகத்துக்காவது வயசு வரம்பில் அஞ்சு வருஷம், பத்து வருஷம் தளர்வு உண்டு. இங்கே ஒரு நாள்கூடக் கிடையாது. 2017-ல் 17 வயசுக்குட்பட்டோர் உலகக் கோப்பை நம் நாட்டில் நடந்ததே, அதில் ஆட 2000 ஜனவரி 1 அல்லது அதற்குப் பிறகு பிறந்திருக்க வேண்டும். 1999 டிசம்பர் 31 ராத்திரி பதினொன்றரைக்குப் பிறந்தவன் பீலேயாகவே இருந்தாலும் காலரியில்தான் உட்கார வேண்டும்.

பர்த் சர்டிபிகேட்டை மட்டும் நம்புவதில்லை என்பது இன்னொரு விசேஷம். 2009-லிருந்து இந்தப் போட்டியில் பையன்களின் மணிக்கட்டை எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்துப் பார்க்கிறார்கள். எலும்பின் வளரும் முனை முழுசாக மூடியிருந்தால், 'தம்பி, நீ பெரிய ஆள்' என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அந்தக் காலத்தில் எங்கள் ஊர் ஹெட்மாஸ்டர்கள் கையைத் தலைக்கு மேல் சுற்றிக் காதைத் தொடச் சொல்லி வயசு போட்டதும் ஏறக்குறைய இதே டெக்னிக்தான். கரன்ட் செலவு இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

2017-ல் இந்தியா முதல் முறையாக ஒரு ஃபிஃபா உலகக் கோப்பையில் ஆடியது. போட்டி நடத்துகிற நாடு என்பதால் கிடைத்த இடம். அணியில் 21 பேர். மணிப்பூர் மட்டுமே 8 பேரைக் கொடுத்தது. பெங்களூரிலிருந்து இரண்டு பேர், திருச்சூரிலிருந்து ஒருவர். தமிழ்நாடு? சைபர். டெல்லியில் முதல் ஆட்டம், அமெரிக்காவிடம் 0-3. கடைசி ஆட்டம், கானாவிடம் 0-4. நடுவில் அக்டோபர் 9-ம் தேதி கொலம்பியா. அதைத்தான் சொல்ல வேண்டும்.

0-1 என்று பின்தங்கியிருக்கிறோம். 82-வது நிமிஷம். பெங்களூர் பையன் சஞ்சீவ் ஸ்டாலின் கார்னர் அடிக்கிறான். மணிப்பூர் ஜீக்ஸன் சிங் எகிறித் தலையால் முட்டுகிறான். கோல்! உலகக் கோப்பையில் இந்தியாவின் முதல் கோல். ஸ்டேடியம் முழுக்கக் கூச்சல். கட்டிப்பிடித்தவர்கள் கையை எடுத்து மூச்சு வாங்குவதற்குள் 83-வது நிமிஷம் வந்துவிட்டது. கூடவே கொலம்பியாவின் இரண்டாவது கோலும். ஒரே ஒரு நிமிஷம் சார், நாம் உலகத்துக்குச் சமமாக நின்றோம்!

''மூணு ஆட்டம், மூணும் தோல்வி. வாங்கினது ஒம்பது, போட்டது ஒண்ணு. இதுக்கா தம்பி இவ்வளவு சத்தம்?'' என்றார் எங்கள் கேஷியர் அண்ணன். அவரும் அரியலூர்தான். காலை பஸ்ஸில் பக்கத்து சீட்.

அவர் சும்மா கேட்கவில்லை. பையன் பத்தாவது படிக்கிறான், பந்து நன்றாக ஆடுகிறான். திருச்சியில் ஒரு செலக்‌ஷன். அதே சனிக்கிழமை டியூஷனில் கணக்குப் பரீட்சை. ''நீ சொல்லு, அனுப்பலாமா? இதுல வேலை கெடைக்குமா?''

விளையாட்டுக் கோட்டா 3 சதவீதம் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால், 'மிச்சம் 97-க்கு டியூஷன்தானே?' என்பார். கேஷியரிடம் கணக்கில் ஜெயிக்க முடியாது. அதனால் தோற்ற பையன்கள் என்ன ஆனார்கள் என்பதைச் சொன்னேன்.

அடுத்த மாசமே, நவம்பர் 29-ம் தேதி, அந்தப் பையன்களில் பலர் இந்தியன் ஏரோஸ் என்ற பெயரில் ஐ-லீகில் இறங்கினார்கள். முதல் ஆட்டத்திலேயே வயசில் பெரியவர்களைக் கொண்ட ஒரு டீமை 3-0 என்று சாய்த்தார்கள். எந்த டீம்? நம்ம சென்னை சிட்டி! (சிரிக்காதீர்கள், அந்த சென்னை சிட்டி 2018-19-ல் ஐ-லீக் சாம்பியன்.)

2018 ஆகஸ்டில் ஸ்பெயினில் இந்தியாவின் 20 வயசுக்குட்பட்டோர் அணி அர்ஜென்டினாவை 2-1 என்று ஜெயித்தது. நம்மில் ஒருவன் ரெட் கார்டு வாங்கி வெளியே போன பிறகு, பத்தே பேராக! இரண்டாவது கோல் அன்வர் அலியின் ஃப்ரீ கிக். எதிர் அணி கோச் யார் தெரியுமா? லியோனல் ஸ்கலோனி. 2022-ல் மெஸ்ஸிக்கு உலகக் கோப்பை வாங்கிக்கொடுத்த அதே ஸ்கலோனி.

அந்த அன்வருக்கு 2019-ல் இதயத்தில் கோளாறு என்று கண்டுபிடித்தார்கள். ஆடக் கூடாது என்றார்கள். பையன் டெல்லி ஹைகோர்ட் வரை போய், திரும்ப மைதானத்துக்கு வந்து, பெரியவர்கள் அணியிலும் இந்தியாவுக்கு ஆடினான். ஜீக்ஸன், சுரேஷ் சிங், லாலெங்மாவியா எல்லோரும் ஆடினார்கள்.

எல்லாக் கதையும் இப்படி முடியாது என்பதையும் அண்ணனிடம் மறைக்கவில்லை. அதே 2018-ல் 16 வயசுக்குட்பட்டோர் அணி ஆசியப் போட்டியில் கால் இறுதி வரை போனது. தென் கொரியாவை ஜெயித்திருந்தால் நேராக உலகக் கோப்பை. 0-1. அந்தப் பையன்களுக்கு அந்த வயசு திரும்ப வரப்போவதில்லை.

அண்ணன் செந்துறை ரோடு போல நீளமாக ஒரு பெருமூச்சு விட்டார். ''இவன் 2010 டிசம்பர்ல பொறந்தான் தம்பி. ஒரு மாசம் பொறுத்திருந்தா 2011 ஆயிருப்பான்.''

''அதை நீங்க அண்ணிகிட்டதான் கேக்கணும்'' என்றேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மேனேஜர் டேபிளில் அவருடைய லீவ் லெட்டர் இருந்தது. காரணம் என்ற இடத்தில் 'அவசர சொந்த வேலை' என்று எழுதியிருந்தார்.