மலிவு கேமும் இருபது நிமிடப் பொறுமையும்

ஒரு எஞ்சினின் ஆயுளை முதல் 20 நிமிடம் தீர்மானிக்கும் என்றால் நம்புவீர்களா? அமெரிக்காவில் வீட்டு கராஜிலேயே செவர்லே ஸ்மால் பிளாக் வி8 எஞ்சினைப் பிரித்து மேய்கிறவர்கள் நம்புவார்கள். 1955-ல் வந்த இந்த எஞ்சினில் பல வருடங்கள் இருந்தது தட்டை லிஃப்டர் கேம்ஷாஃப்ட். 1987-ல்தான் கம்பெனி ரோலர் லிஃப்டருக்கு மாறத் தொடங்கியது.

பவருக்காகப் பெரிய கேம் வாங்குகிற பலர் ஸ்பிரிங்கில் காசை மிச்சம் பிடிக்கிறார்கள். பழைய ஸ்பிரிங் தளர்ந்திருந்தால், அதிக வேகத்தில் வால்வு கேமின் வளைவோடு போகாமல் மிதக்கும். சரி, இருப்பதிலேயே கடினமானதைப் போட்டுவிடலாமே? அதுவும் ஆபத்துதான்! லோபுக்கும் லிஃப்டருக்கும் நடுவே அழுத்தம் கூடி இரண்டும் தேயும். கேம் தயாரித்தவர் சொல்கிற ஸ்பிரிங்கை வாங்குவதுதான் லாபம். வால்வு முழுதாகத் திறக்கும்போது சுருள்கள் ஒட்டிக்கொள்ளாமல் சுமார் 0.060 அங்குலம் மிச்சம் இருக்கிறதா என்றும் அளக்க வேண்டும்.

அடுத்தது பிரேக்-இன். லோப் லேசான சாய்வு, லிஃப்டரின் அடி லேசான குவிவு. அதனால்தான் லிஃப்டர் சுழல்கிறது. சுழலாத லிஃப்டர் தன் லோபைத் தின்றுவிடும். கேமை நனைப்பது பெரும்பாலும் கிராங்க்ஷாஃப்ட் வாரியடிக்கும் ஆயில்தான். ஆகவே புது கேமை ஐடிலில் விடக்கூடாது. 2000-க்கும் 2500-க்கும் இடையே ஆர்.பி.எம்.மை ஏற்றி இறக்கி 20 முதல் 30 நிமிடம் ஓட்ட வேண்டும். இரட்டை ஸ்பிரிங் என்றால் அதுவரை உள் ஸ்பிரிங்கைக் கழற்றி வைப்பது நல்லது.

"புது ஆயில் எல்லாம் நல்ல ஆயில்தானே?" என்பார்கள். புதுக் காருக்கு நல்லதுதான். ஆனால் கேட்டலிடிக் கன்வர்ட்டரைக் காப்பாற்ற, 2004-ல் வந்த ஏ.பி.ஐ. எஸ்.எம். தரத்தில் 5டபிள்யூ-30 போன்ற ஆயில்களுக்குப் பாஸ்பரஸ் 0.08 சதவீதத்துக்கு மேல் கூடாது என்றானது. தட்டை லிஃப்டரைக் காப்பது அந்த ஜிங்க்-பாஸ்பரஸ் கலவைதான். அது தாராளமாக உள்ள பிரேக்-இன் ஆயில் தனியாகவே விற்கிறது.

ரோலர் கேம் போட்டால் இந்தத் தொல்லையில்லை என்ற வாதமும் உண்டு. உண்மைதான், ஆனால் விலை அதிகம். மலிவான வழியைத் தேர்ந்தவர் மீதி விலையைப் பொறுமையாகத்தான் கட்டியாக வேண்டும். அதையும் மிச்சம் பிடித்தால் என்ன ஆகும்? ஒரு லோப் தேய்ந்த இரும்புத்தூள் ஆயிலோடு பேரிங்குகள் வரை போகும். பிறகு கேமுக்கு மட்டுமா செலவு? முழு எஞ்சினுக்கும்தான்!