கல்லூரி மைதானத்தில் நடுவருக்குத் துணை யார்?

2023 ஜூனில் கோவை எஸ்.என்.ஆர். கல்லூரி மைதானத்தில் நடந்த தமிழ்நாடு பிரீமியர் லீக் ஆட்டம் ஒன்று, கிரிக்கெட் பேசப்படும் ஊர்களிலெல்லாம் செய்தியானது. திண்டுக்கல் அணியின் அஸ்வின் வீசிய பந்தில், திருச்சி அணியின் ராஜ்குமார் கேட்ச் ஆனதாகச் சொல்லி நடுவர் அவுட் கொடுத்தார். பேட்ஸ்மேன் மறுஆய்வு கேட்டார். மூன்றாவது நடுவர் அவுட் இல்லை என்று மாற்றினார். அந்த மாற்றத்தையும் மறுஆய்வு செய்யுங்கள் என்று அஸ்வின் கேட்டார். கடைசியில் அவுட் இல்லை என்பதே நிலைத்தது. ஒரே பந்துக்கு இரண்டு முறை மேல்முறையீடு, இத்தனை கேமரா, இத்தனை கண்கள். தொடர் முடிந்து கேமராக்கள் ஊர் திரும்பிய பிறகு, இப்படிப்பட்ட கல்லூரித் திடல்களில் மாணவர்களும் கிளப் வீரர்களும் ஆடுகிறார்கள். அப்போதும் பந்து பேட்டை உரசியதா இல்லையா என்ற சந்தேகம் வரும். தீர்த்து வைக்க வெயிலில் நிற்கும் ஒரு மனிதர் மட்டுமே இருப்பார். உதவி மிகக் குறைவாக உள்ள அந்த நடுவருக்குத்தான் மரியாதையும் ஊதியமும் பாதுகாப்பும் மிகக் குறைவாகக் கிடைக்கின்றன. கொங்கு மண்டலத்தில் விளையாட்டு வளர வேண்டும் என்று விரும்புகிறவர்கள் முதலில் சரிசெய்ய வேண்டியது இதைத்தான்.

அந்த மனிதர் செய்யும் வேலையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். கல்லூரி மட்டத்து வேகப்பந்து வீச்சாளர் மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் வீசினால், பந்து ஒரு கிரீஸிலிருந்து மறு கிரீஸுக்குப் போக அரை நொடியை ஒட்டிய நேரமே ஆகும். அதற்குள் நடுவர் முதலில் குனிந்து பவுலரின் முன்கால் கோட்டைத் தாண்டியதா என்று பார்க்க வேண்டும். உடனே பார்வையை உயர்த்திப் பந்தைப் பிடிக்க வேண்டும். பேடில் பட்டால், லெக் ஸ்டம்புக்கு வெளியே குத்தியதா, முதலில் பேட்டில் பட்டதா, ஸ்டம்புகளுக்கு நேராகப் பட்டதா, தடுக்காமல் விட்டிருந்தால் ஸ்டம்பில் போய் அடித்திருக்குமா என்ற அத்தனை கேள்விக்கும் மனதுக்குள் விடை கண்டாக வேண்டும். கடைசிக் கேள்வி நடந்ததைப் பற்றியதே அல்ல, நடந்திருக்கக் கூடியதைப் பற்றியது. இதனிடையே ஓவரில் எத்தனையாவது பந்து என்ற கணக்கும் தவறக் கூடாது. சட்டம் இரண்டு நடுவர்களைக் கேட்கிறது. ஆனால் கல்லூரிக் கோப்பைகள், கம்பெனிகளுக்கு இடையிலான போட்டிகள், நட்பு ஆட்டங்கள் பலவற்றில் ஸ்கொயர் லெக்கில் நிற்பவர் பேட்டிங் அணியின் பத்தாவது ஆட்டக்காரராகவே இருப்பார். ரன் அவுட்டும் ஸ்டம்பிங்கும் அவர் கையில்!

நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடி மாதங்களில் வீசும் காற்றில் பெயில்ஸ் ஸ்டம்பின் மேல் தங்காது. அவற்றை எடுத்துவிட்டு ஆட விதி இடம் தருகிறது. ஆனால் அதன் பிறகு ஸ்டம்பில் பந்து பட்டதா என்பதைப் பெயில்ஸ் விழுவதை வைத்துச் சொல்ல முடியாது. நடுவரே தன் கண்ணை நம்பித் தீர்மானிக்க வேண்டும். ஸ்டம்பை லேசாக உரசிப் போன ஒரு பந்து, விக்கெட் கீப்பருக்கு அவுட்டாகத் தெரியும், பேட்ஸ்மேனுக்குக் காற்றாகத் தெரியும்.

தேர்ந்தவர்களுக்கே இது எவ்வளவு கடினம் என்பதற்குத் தமிழ்நாட்டு நடுவர் எஸ். ரவியை விடப் பொருத்தமான உதாரணம் இல்லை. ஐ.சி.சி.யின் உயர்நிலைக் குழுவில் இருந்தவர். 2019 மார்ச்சில் பெங்களூருவில் மும்பைக்கும் பெங்களூருவுக்கும் நடந்த ஐ.பி.எல். ஆட்டத்தின் கடைசிப் பந்தை மும்பையின் மலிங்கா கோட்டைத் தாண்டி வீசினார். அந்த நோபாலை ரவி கவனிக்கவில்லை. மும்பை 6 ரன்னில் வென்றது. இது கிளப் கிரிக்கெட் அல்ல, ஐ.பி.எல். என்று பெங்களூரு கேப்டன் கோலி ஆத்திரப்பட்டார். அடுத்த ஆண்டே முன்கால் நோபாலைப் பார்க்கும் பொறுப்பு ஐ.பி.எல்.லில் மூன்றாவது நடுவருக்கு மாற்றப்பட்டது. அதாவது, உயர்நிலையில் பிழை நேர்ந்தபோது நடுவரின் சுமையைக் குறைத்தார்கள். கிளப் ஆட்டத்தில் அதே பிழை நேர்ந்தால் நடுவரைச் சுற்றி வளைக்கிறார்கள். கோலி சொன்ன அந்தக் கிளப் கிரிக்கெட்டில், காலையும் பந்தையும் ஒரே ஆள் பார்க்கும் நிலை இன்றும் மாறவில்லை.

இப்படியே விட்டால் என்ன ஆகும் என்பதை அமெரிக்கா காட்டுகிறது. அங்கே உயர்நிலைப் பள்ளி விளையாட்டுகளில், பேஸ்பால் உட்பட, 2018-19 பருவத்துக்குப் பிந்தைய சில ஆண்டுகளில் ஏறத்தாழ 50,000 நடுவர்கள் விலகிவிட்டதாகத் தேசியப் பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பு 2022 வாக்கில் கணக்குச் சொன்னது. கொரோனாவும் ஒரு காரணம்தான். ஆனால் பெற்றோரும் பயிற்சியாளர்களும் வீசும் வசவு முக்கியக் காரணமாகப் பேசப்பட்டது. பேஸ்பாலில் பிட்சர் வீசும் ஒவ்வொரு பந்தும் ஒரு தீர்ப்பைக் கேட்கும். தொழில்முறை ஆட்டத்தில் நான்கு நடுவர்கள் பகிர்ந்துகொள்ளும் வேலையைப் பள்ளி, கல்லூரி ஆட்டத்தில் ஒருவரோ இருவரோ செய்கிறார்கள். இங்கிலாந்தில் உள்ளூர்க் கால்பந்து நடுவர்கள் சட்டையில் கேமரா மாட்டிக்கொண்டு இறங்கும் சோதனை முயற்சி 2023-ல் தொடங்கியது. விளையாட்டுக்குப் பேர் போன நாடுகளில் இந்த நிலை என்றால், நடுவர்களே குறைவாக உள்ள நம் மாவட்டங்களில் ஒருவர் மனம் வெறுத்து ஒதுங்குவதும் பெரிய இழப்பு.

நடுவர்கள் உண்மையிலேயே ஒரு பக்கம் சாய்கிறார்களே, அவர்களுக்கு ஏன் பரிந்து பேச வேண்டும் என்று கேட்பார்கள். சில ஆட்டங்களில் அந்தக் குறை நியாயமானதுதான். போட்டி நடத்தும் கல்லூரியின் உடற்கல்வித் துறையைச் சேர்ந்தவரே அதே கல்லூரி அணியின் ஆட்டத்துக்கு நடுவராக நின்றால், அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் எதிரணி நம்பாது. சர்வதேச கிரிக்கெட்டும் இந்தச் சந்தேகத்தில் பல காலம் உழன்றது. 1986-ல் லாகூரில் பாகிஸ்தானும் மேற்கிந்தியத் தீவுகளும் மோதிய டெஸ்டுக்கு வி.கே. ராமசாமி, பிலூ ரிப்போர்ட்டர் என்ற இரண்டு இந்திய நடுவர்களை அழைத்தார்கள். உள்ளூர் நடுவர் என்ற புகாருக்கு அங்கே இடமில்லாமல் போனது. 2002-க்குப் பிறகு டெஸ்டில் இரு நடுவர்களும் வெளிநாட்டவராக இருப்பது விதியாயிற்று. பாகிஸ்தானுக்கு இந்தியர் நடுவராக நிற்க முடிந்ததென்றால், கோவைக் கல்லூரி ஆட்டத்துக்கு ஈரோட்டிலிருந்தும் திருப்பூர் ஆட்டத்துக்குப் பொள்ளாச்சியிலிருந்தும் நடுவரை வரவழைப்பது ஒரு பேருந்துப் பயணச் செலவுதான். சாய்வைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் வசவை விட்டுவிட்டு இதைக் கேட்க வேண்டும்.

இப்போது எல்லார் கையிலும் செல்போன் இருக்கிறது, வீடியோ பார்த்துத் தீர்ப்பைச் சரிபார்க்கலாமே என்றும் சிலர் சொல்கிறார்கள். எல்.பி.டபிள்யூ.வை ஸ்டம்புகளின் நேர்கோட்டில் நிற்பவரால்தான் சொல்ல முடியும். பவுண்டரி ஓரத்தில் சாய்வான கோணத்தில் எடுத்த படத்தில், ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே பட்டதும் நடு ஸ்டம்பில் பட்டது போலத் தெரியும். தொலைக்காட்சி ஆட்டங்களில் இதற்காகவே பந்தின் பாதையைப் பல கேமராக்களால் கணக்கிடுகிறார்கள். சாய்கோணத்துச் செல்போன் படம் நீதி தராது. வாட்ஸ்அப் குழுவில் நடுவரின் பெயரைக் கெடுக்க மட்டும் பயன்படும். போட்டி நடத்துவோர் இதைத் தடை செய்வது நல்லது.

இன்னொரு வாதம் கொஞ்சம் கனமானது. தமிழக அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத இடஒதுக்கீடு இருக்கிறது. கல்லூரிச் சேர்க்கையிலும் தனி இடங்கள் உண்டு. ஒரு தவறான தீர்ப்பு ஒரு பையனின் அணித் தேர்வை, அதன் வழியே வாழ்க்கையைப் பாதிக்கலாம். அவன் கோபப்படக் கூடாதா என்று கேட்கிறார்கள். கோபம் புரிகிறது. ஆனால் இத்தனை பெரிய விஷயம் தொங்கிக்கொண்டிருக்கும் தீர்ப்பை, மிரட்டலுக்கு அஞ்சும் ஒருவர் சொல்வதுதான் அந்தப் பையனுக்கு ஆபத்து. மிரட்டுகிற அணிக்கு அடுத்த சந்தேகப் பந்து சாதகமாகும். அமைதியாக ஆடுகிற அணி இழக்கும். கிரிக்கெட் சட்டங்களை வகுக்கும் எம்.சி.சி.யின், 2017 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த சட்டத் தொகுப்பின் 42-வது விதி இதற்காகவே எழுதப்பட்டது. தீர்ப்பை எதிர்த்து முகம் காட்டினால் முதலில் எச்சரிக்கை, மீண்டும் செய்தால் எதிரணிக்கு 5 ரன். நடுவரைச் சொல்லாலோ சைகையாலோ மிரட்டினால் 5 ரன்னோடு சில ஓவர்களுக்கு வெளியேற்றம். அடிக்க வந்தால் ஆட்டம் முடியும்வரை திடலுக்குள் வர முடியாது. இந்த அதிகாரத்தைப் பயன்படுத்தும் உள்ளூர் நடுவர்கள் அபூர்வம். பயன்படுத்தினால் போட்டி நடத்துவோர் தன் பக்கம் நிற்பார்களா என்ற உறுதி அவர்களுக்கு இல்லாததே காரணம்.

பணம் எங்கே என்பது கடைசிக் கேள்வி. கோப்பைக்கும் டி-ஷர்ட்டுக்கும் மேடைக்கும் பொன்னாடைக்கும் கிடைக்கும் பணம் நடுவருக்குக் கிடைக்காமல் போவது வரிசையை மாற்றினால் தீரும் பிரச்சினை. முதல்தரக் கிரிக்கெட்டில் நிற்கும் நடுவர்களுக்கு நாளொன்றுக்கு 30,000 முதல் 40,000 ரூபாய் வரை பி.சி.சி.ஐ. தருவதாக 2022-ல் செய்திகள் வந்தன. அந்த அளவை யாரும் கேட்கவில்லை. அதே ஆண்டு அகமதாபாத்தில் பி.சி.சி.ஐ. நடத்திய நடுவர் தேர்வை எழுதிய 140 பேரில் 3 பேர்தான் தேறினார்கள். எளிதில் யாரும் செய்துவிடக் கூடிய வேலை இது இல்லை என்பதற்கு வேறு சான்று வேண்டாம். ஆள் கிடைக்கும் இடமும் நம்மிடமே இருக்கிறது: ஆடி முடித்தவர்கள். 57 டெஸ்ட் ஆடிய எஸ். வெங்கட்ராகவன் பிறகு 73 டெஸ்டுகளில் நடுவராக நின்றார். கல்லூரி அணியில் நான்கு ஆண்டு ஆடிவிட்டு மேலே போக வழியில்லாமல் நிற்கும் இளைஞர்கள் கோவையிலும் திருப்பூரிலும் எத்தனையோ பேர். அவர்களில் விருப்பமுள்ளவர்களுக்குக் கல்லூரிகளே விதிப் பயிற்சி தந்து, ஆட்டத்துக்கு இருவர் வீதம் சம்பளம் கொடுத்து நிறுத்தலாம். வரும் பருவத்தில் கோவையின் பெரிய கல்லூரிக் கோப்பைகள் இரண்டு மூன்று தங்கள் அழைப்பிலேயே இதை அச்சிடட்டும்: நடுவர்கள் வெளியூரிலிருந்து வருவார்கள், அவர்களுக்கான ஊதியம் நுழைவுக் கட்டணத்திலிருந்து முதலில் ஒதுக்கப்படும், 42-வது விதி முழுமையாகச் செல்லும். இதற்கு ஒப்பாத அணியைச் சேர்த்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் எந்தக் கல்லூரிக்கும் இல்லை.