எஞ்சினோட ரிசர்வ் விளையாட இல்லை

1/ அபிஷேகப்பாக்கத்துத் தம்பி ஒருத்தர் கேட்டார்: "டாக்டர் சார், காருக்கு சூப்பர்சார்ஜர் போடப் போறேன். எஞ்சின் உள்ளே எதையும் தொட வேணாம், வெளியே மாட்டினா போதும்னு சொல்றாங்க." நான் மெக்கானிக் இல்லை. ஆனா இதே பேச்சை ஜிம்ல ஊசி விக்கிறவங்ககிட்டயும் கேட்டிருக்கேன். அதான் இந்த த்ரெட்.

2/ சூப்பர்சார்ஜர்னா கிராங்க்கிலிருந்து பெல்ட்ல சுத்துற காற்று பம்ப். 0.5 பார் பூஸ்ட் வெச்சா உள்ளே போற காற்று ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. அதுக்கேத்த பெட்ரோல். அழுத்தமும் சூடும் ஏறும். பிஸ்டன், கனெக்டிங் ராட், ஹெட் கேஸ்கெட் மட்டும் பழசு!

3/ நம்ம சின்ன பெட்ரோல் கார்கள் பலதும் மைலேஜுக்காக 11, 12 மடங்கு அமுக்குறவை. மேலும் காற்றைத் திணிச்சா, ஸ்பார்க்கோட தீ போய்ச் சேருறதுக்கு முன்னாடியே மிச்சக் கலவை தானாப் பத்திக்கும். அதுதான் நாக்கிங். பிஸ்டன் உடையறது அப்படித்தான்.

4/ "கம்பெனியே டர்போ போடுதே?" போடுது. 2017ல வந்த பலேனோ ஆர்எஸ்ஸைப் பாருங்க. பழைய 1.2 லிட்டர் எஞ்சின்ல டர்போவை ஒட்டலை. கம்ப்ரெஷன் குறைஞ்ச, தனி 1 லிட்டர் எஞ்சினையே வெச்சாங்க.

5/ "எஞ்சின்ல மார்ஜின் இருக்கு, கொஞ்சம் பூஸ்ட் தாங்கும்." உண்மைதான். கவனமா ட்யூன் பண்ணி ஓடுற வண்டிகள் உண்டு. ஆனா அந்த மார்ஜின் சும்மா கிடக்கலை. சித்திரை வெயில், மட்டமான பெட்ரோல், ஆயில் மாத்த மறந்த மாசம், லட்சம் கி.மீ. தேய்மானம் இதுக்கெல்லாம் வெச்சது. ஒரே கிட்னியில வாழலாம். அதனால இன்னொண்ணு உபரியா?

6/ பிரஷர் ஏறின பல பேர் "நல்லாத்தானே இருக்கேன்"னுதான் சொல்வாங்க. உள்ளே இதயத் தசை தடிச்சுக்கிட்டிருக்கும். இதயமாவது கொஞ்ச நாள் தன்னை மாத்திக்கிட்டுச் சமாளிக்கும். கனெக்டிங் ராட் மாத்திக்காது.

7/ பவர் ஏறுது, பிரேக்கும் டயரும் பழசு. தவளக்குப்பம் ரோட்டுல சைக்கிள்ல போற பிள்ளை உங்க பூஸ்ட்டுக்கு சம்மதிச்சுதா?

8/ சட்டமும் இருக்கு. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52. தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து வண்டியை மாற்றக் கூடாதுன்னு 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் சொல்லிடுச்சு. இப்போ 182ஏ பிரிவுப்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் ₹5,000 அபராதம், 6 மாசம் வரை சிறை, இல்லாட்டி ரெண்டும். இன்சூரன்ஸ் கிளெய்மும் சிக்கலாகலாம்.

9/ தம்பி, ஒண்ணே ஒண்ணு கேளுங்க: "பிஸ்டன் போனா நீங்க பொறுப்புன்னு எழுதிக் கொடுப்பீங்களா?" பேனாவை எடுக்கலைன்னா, வண்டியை எடுத்துக்கிட்டு வந்துடுங்க.