கையெழுத்தும் வெயிலும்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (வேதியியல்)

விளையாட்டு வீரர்களிடம் கையெழுத்து வாங்குவதில் நம் மாணவ நண்பர்களுக்குள்ள ஆர்வம் சொல்லி மாளாது. 2022-ஆம் ஆண்டு டி.என்.பி.எல். கிரிக்கெட் ஆட்டங்கள் கோவை எஸ்.என்.ஆர். கல்லூரி மைதானத்தில் நடைபெற்றபோது மட்டையும் தொப்பியுமாகக் காத்து நின்றவர்களில் நம் வகுப்பினரும் உண்டு. வாங்கிய அன்று அதை ஊரெல்லாம் காட்டுகிறோம். பிறகு ஆணி அடித்து முன்சுவரில் மாட்டுகிறோம். அத்துடன் நம் கடமை முடிந்தது என்று எண்ணுகிறோம். உண்மையில் அன்றுதான் அந்தக் கையெழுத்தின் அழிவு தொடங்குகிறது என்பது என் கருத்து.

எங்கள் வீட்டுக் கதையையே சொல்கிறேன். தொண்டாமுத்தூரில் எங்கள் வீட்டு முன்னறையில், மேற்கு ஜன்னலுக்கு எதிரே, ஒரு வெள்ளை வாலிபால் நெடுங்காலமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அப்பா இளவயதில் ஆடிய அணி ஒரு போட்டியில் முதல் பரிசு பெற்றபோது கிடைத்த பந்து அது. பரிசளிக்க வந்திருந்த மாநில ஆட்டக்காரர் ஒருவர் அதில் பெரிதாகக் கையெழுத்திட்டார். மறுபக்கத்தில் அணியினர் ஆறு பேரும் போட்டார்கள். அப்பா ஐந்தாம் வகுப்புடன் பாக்கு மண்டிக்கு வேலைக்குப் போனவர். ஒவ்வொரு எழுத்தாக எழுதிய அவருடைய பெயரும் அங்கே இருக்கிறது.

பெரிய மனிதரின் கையெழுத்து வருவோர் கண்ணில் பட வேண்டும் என்று அதை வெளிச்சத்தின் பக்கம் திருப்பி வைத்தார்கள். ஆறு பேரின் பெயர்கள் சுவரைப் பார்த்தபடி இருந்தன. சென்ற ஆண்டு வெள்ளையடிக்கப் பந்தை இறக்கியபோது பார்த்தால், பெரிய மனிதரின் கையெழுத்து இருந்த இடத்தில் இளமஞ்சள் கறை மட்டுமே மிஞ்சியிருந்தது. அப்பாவின் பெயரோ நேற்று எழுதியதுபோல் இருந்தது! பெருமையாகக் காட்டியது போய்விட்டது. யாரும் பார்க்காதது பிழைத்துக்கொண்டது.

காரணம் விந்தையானதல்ல. பேனா மைகளில் பெரும்பாலானவை சாயப் பொருள்களால் ஆனவை. அவற்றின் மூலக்கூறுகளில் உள்ள இரட்டைப் பிணைப்புத் தொடர்தான் நிறத்தைத் தருகிறது. புற ஊதாக் கதிர் அத்தொடரை அறுக்கிறது. அறுந்தால் நிறம் இல்லை. கண்ணாடிச் சட்டம் போட்டால் போதும் என்பார்கள். சாதாரணக் கண்ணாடி புற ஊதாக் கதிரில் ஒரு பகுதியை உள்ளே விட்டுவிடும். தாள் பொருள்களுக்கு 50 லக்ஸ் வெளிச்சமே போதும் என்று அருங்காட்சியகங்கள் கட்டுப்படுத்துகின்றன. நம் நண்பகல் வெயிலோ ஏறத்தாழ ஒரு லட்சம் லக்ஸ்! ஓலைச்சுவடி எழுத்து நூற்றாண்டுகளைத் தாண்டி நிற்பதற்கு, எழுத்தாணிக் கீறலில் தடவிய கரியும் ஒரு காரணம். கரியை ஒளி அவ்வளவு எளிதில் சிதைப்பதில்லை. நம் ஸ்கெட்ச் பேனாவுக்கு அந்த ஆயுள் இல்லை.

வெயில் மட்டும்தான் பகை என்பதில்லை. மலையடிவாரமாகிய நம் ஊரில் ஆனி, ஆடியில் சாரல் பிடித்தால் தோலிலும் தாளிலும் பூஞ்சணம் பூக்கும். கரையானைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். எல்லாவற்றையும்விடப் பெரிய பகை நம் அன்புதான் என்பேன். கையெழுத்துத் தாளைச் சூடேற்றி லேமினேட் செய்துவிட்டால், ஒட்டுப் பசையிலிருந்து அதை மீட்பது அரிது. செல்லோ டேப் சில ஆண்டுகளில் பழுத்துத் தாளையும் கறையாக்கும். மங்கிய கையெழுத்தின்மேல் புதுப் பேனாவால் எழுதிவிடு என்று எனக்கும் நண்பன் ஒருவன் யோசனை சொன்னான். அப்படி எழுதினால் அது என் கையெழுத்தாகுமே தவிர, அவருடையதாகுமா?

“இதையெல்லாம் அருங்காட்சியகத்திடம் கொடுத்துவிடலாமே” என்று கேட்கலாம். கொடுப்பது நல்லதே. ஓட்டவீரர் மில்கா சிங் தம் பரிசுகளை நாட்டுக்கே அளித்தார். ஆனால் ஹாக்கி வீரர் பல்பீர் சிங்குக்கு நேர்ந்ததையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 1948, 1952, 1956 ஆகிய மூன்று ஒலிம்பிக்கிலும் தங்கம் வென்றவர் அவர். ஹெல்சிங்கி இறுதி ஆட்டத்தில் இந்தியா அடித்த ஆறு கோல்களில் ஐந்து அவருடையவை. அமையவிருந்த அருங்காட்சியகத்துக்கென்று 1985-இல் தம் மெல்போர்ன் ஒலிம்பிக் கோட்டையும், 36 பதக்கங்களையும், நூற்றுக்கு மேற்பட்ட புகைப்படங்களையும் இந்திய விளையாட்டு ஆணையத்திடம் ஒப்படைத்தார். 2012-இல் லண்டன் ஒலிம்பிக்கையொட்டி அவை தேவைப்பட்டபோதுதான் காணவில்லை என்று தெரியவந்தது. முதுமையிலும் கேட்டுக்கொண்டே இருந்தார். 2020 மே மாதம் 96-ஆம் வயதில் காலமாகும்வரை அவை அவர் கைக்குத் திரும்பவில்லை.

ஒலிம்பிக் வீரரின் பொருளுக்கே இந்தக் கதி என்றால், ஆறு கிராமத்து இளைஞர்கள் கையெழுத்திட்ட பந்தை எந்த அருங்காட்சியகம் கேட்கப் போகிறது? அதை நாம்தான் காக்க வேண்டும்.

நான் செய்தது இவ்வளவே. பந்தைக் கைப்பேசியில் நாலு பக்கமும் படமெடுத்தேன். அப்பாவின் பெயருள்ள பக்கத்தைப் பெரிதாக அச்சிட்டுப் பழைய ஆணியிலேயே மாட்டினேன். அது வெளுத்தால் இன்னொன்று அச்சிடலாம். பந்தில் காற்றை முழுதும் இறக்காமல், வடிவம் கெடாத அளவு விட்டு, துவைத்த பருத்தித் துணியில் சுற்றி அட்டைப் பெட்டியில் வைத்தேன். செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டும் உள்ளே போட்டேன். பெட்டி தரையில் இல்லை. உள்ளறைப் பலகைமேல் இருக்கிறது. கூடவே ஒரு தாளில் யார், எந்த ஊர், எந்தப் போட்டி என்று அப்பாவைக் கேட்டு எழுதி வைத்தேன். கையெழுத்து நிலைத்தாலும் அது யாருடையது என்று சொல்ல ஆளில்லாவிட்டால் வெறும் கிறுக்கல்தானே? ஆறில் ஒரு கையெழுத்து யாருடையது என்று அப்பாவுக்கே நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

அப்பாவுக்கு இந்த ஏற்பாடு பிடிக்கவில்லை. “ஏங்கண்ணு, பொட்டிக்குள்ள வெச்சுப் பூட்டிப்போட்டா யாருக்குத் தெரியும்?” என்றார். அதிலும் நியாயம் இருக்கிறது. “பொங்கலுக்கு வெளியே எடுத்துக்கலாமுங்கப்பா” என்றேன். இந்தப் பொங்கலுக்குப் பந்தை எடுத்துத் திண்ணையில் வைத்தோம். அணியில் மூன்று பேர் வந்திருந்தார்கள். அந்த ஆறாவது கையெழுத்து யாருடையது என்று இருட்டும்வரை வழக்காடினார்கள். தீர்ந்தபாடில்லை. தாளில் அந்த ஓர் இடத்தை மட்டும் காலியாக விட்டு, பந்தை மீண்டும் துணியில் சுற்றி வைத்தேன்.