சாகாவுக்கும் ஓர் இடம் கொடுங்கள்

பழைய கார்கள் கூடும் இடத்தில் ஜனங்கள் எதைச் சுற்றி நிற்பார்கள் என்று பார்க்காமலே சொல்லிவிடுவேன். பின்னால் வால் முளைத்த அறுபதுகளின் மெர்சிடிஸ் பென்ஸ், ஆமை முதுகு வோல்க்ஸ்வேகன், மெழுகு போட்டுத் துடைத்த மோரிஸ் மைனர். ஓரமாக ஒரு முதல் தலைமுறை புரோட்டோன் சாகா நின்றால், "இதையுமா கொண்டு வந்துட்டாங்க?" என்று யாராவது சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிப்பதில்லை.

மைனரின் அழகைக் குறை சொல்ல வரவில்லை. 1948-இல் லண்டன் கண்காட்சியில் வெளிவந்த அந்தக் காரை உருவாக்கியவர் அலெக் இசிகோனிஸ். பின்னாளில் மினியைத் தந்தவரும் அவர்தான். தயாரிப்பு தொடங்கவிருந்த கடைசி நேரத்தில், வண்டி ஒடுங்கலாகத் தெரிகிறதே என்று மாதிரிக் காரை நெடுக்குவாட்டில் இரண்டாக அறுக்கச் சொல்லி, 4 அங்குலம் அகலப்படுத்தினார். பம்பர்களோ ஏற்கெனவே தயார். அவற்றையும் நடுவில் வெட்டி, ஒரு துண்டை வைத்து இணைத்தார்கள். ஆரம்பகால மைனர் கண்ணில் பட்டால் குனிந்து பம்பரைப் பாருங்கள், ஒட்டு தெரியும். பானெட்டின் நடுவில் ஓடும் தட்டையான பட்டையும் அந்த 4 அங்குலம்தான். கம்பெனி முதலாளி நஃபீல்ட் பிரபு அதை வெந்நீரில் உடைத்து ஊற்றிய முட்டை என்று கேலி செய்தாராம். 1960 முடிவதற்குள் 10 லட்சம் வண்டிகள் வெளிவந்துவிட்டன.

சரி, நம் ஊரில் அதில் போனவர்கள் யார்? பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில்வே உத்தியோகம் பார்த்தவர்கள், ஆசிரியர்கள், அரசாங்கக் குமாஸ்தாக்கள். ரப்பர் தோட்டத்தில் கார் என்றால் அது துரையுடையது. மிஞ்சிப்போனால் பெரிய கிராணியுடையது. காப்பார் பக்கம் பால் வெட்டிய என் தாத்தா, அந்த வண்டிகளுக்கு ஒதுங்கி வழிவிட்டவர். இன்று நம் பிள்ளைகள் கல்யாணத்துக்கு மைனரை வாடகைக்கு எடுத்து, ரிப்பன் கட்டிப் படம் பிடிக்கிறார்கள். பார்க்க லட்சணமாகத்தான் இருக்கிறது. ஆனால் நம்மில் முக்கால்வாசிப் பேருக்கு அது இரவல் நினைவு.

எங்கள் வீட்டு நினைவு டட்சன் 120ஒய். லாரி ஓட்டிய அப்பா எப்படியோ பணம் புரட்டி இரண்டாம் கையாக வாங்கியது. 1,171 சிசி இன்ஜின். காலையில் சோக்கை இழுத்துவிட்டுத்தான் சாவியைத் திருப்ப வேண்டும். கொஞ்சம் சூடேறியதும் சோக்கை மெல்ல உள்ளே தள்ளிவிட வேண்டும். மறந்தால் பெட்ரோல் நாற்றம் வீட்டுக்குள் வரை வரும். ஸ்டீயரிங்கைத் திருப்பத் தோளில் பலம் வேண்டும். லயத்தில் எந்தக் கல்யாணமானாலும் மாப்பிள்ளை கார் அதுதான். அதன் அழகைப் பற்றி அன்று யாரும் பேசவில்லை. வாசலில் கார் நிற்பதே போதுமானதாக இருந்தது.

அடுத்து வந்தது சாகா. 1985 ஜூலை 9-ஆம் தேதி அன்றைய பிரதமர் டாக்டர் மகாதீர் அறிமுகப்படுத்திய கார். ஷா ஆலம் தொழிற்சாலையில் பொருத்தப்பட்டாலும் உள்ளே இருப்பது மிட்சுபிஷி லான்சர்தானே என்று அன்றும் குத்திக்காட்டினார்கள், இன்றும் காட்டுகிறார்கள். இருக்கட்டுமே. சொந்தக் கார் என்பதைக் கனவில்கூட நினைத்துப் பார்க்காத எத்தனையோ குடும்பங்களைக் கூட்டரசு நெடுஞ்சாலையில் ஏற்றிவிட்டது அது. அளவாக வெட்டிய பெட்டி போன்ற உடல், மெல்லிய தூண்கள், நாலாபுறமும் பெரிய கண்ணாடி. உள்ளே உட்கார்ந்தால் சாலை முழுக்கத் தெரியும். இப்போது வரும் கார்களின் முகத்தைப் பாருங்கள், கடன் வசூலிக்க வந்தவன் மாதிரி முறைக்கின்றன.

இன்னொன்றும் உண்டு. பானெட்டைத் திறந்தால் எது எங்கே இருக்கிறது என்று தெரியும். கிள்ளானில் எனக்குத் தெரிந்த ஒரு போமன், கார்புரேட்டர் திருகை அரைச் சுற்றுத் திருப்பி, கண்ணை மூடிக் கேட்டே இன்ஜினைச் சரிசெய்வார். கம்ப்யூட்டர் கிடையாது. ஜப்பானிலிருந்து பாதியாக அறுத்துக் கொண்டுவரும் ஹாஃப் கட் வண்டிகளில் மிட்சுபிஷி பாகம் கிடைக்கும்வரை சாகாவுக்குச் சாவு இல்லை என்பார். அவருக்கு வயதாகிவிட்டது. பட்டறையில் கற்றுக்கொள்ள நிற்கும் பையன் யாரும் இல்லை.

புகை, பாதுகாப்பு என்று கேட்பவர்களுக்கு மறுப்புச் சொல்ல மாட்டேன். காற்றுப் பை இல்லாத காரில் தினமும் வேலைக்குப் போகச் சொல்வது மடத்தனம். ஆனால் வயதை மட்டும் வைத்துக் கழிக்கும் கொள்கையில்தான் எனக்கு உடன்பாடில்லை. 2009-இல், 10 ஆண்டுக்கு மேற்பட்ட காரைக் கொடுத்துவிட்டுப் புதிய புரோட்டோன் அல்லது பெரோடுவா வாங்கினால் 5,000 வெள்ளி தள்ளுபடி என்று அரசாங்கம் அறிவித்தது. எங்கள் தெருவில் நல்ல நிலையில் ஓடிக்கொண்டிருந்த சாகா ஒன்று அப்படித்தான் போனது. அதே ஆண்டு இறுதியில் 15 வயதான கார்களுக்கு வருடாந்திரச் சோதனை என்று சொல்லி, எதிர்ப்பு கிளம்பியதும் பின்வாங்கினார்கள். அந்த யோசனை இனி வராது என்று நான் நம்பவில்லை.

தொழிற்சாலையிலிருந்து வந்த முதல் சாகாவைத் தேசிய அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார்கள், நல்லது. அது ஓடாது. ஓடும் சாகாக்கள் நம் வீட்டுப் போர்ட்டிகோக்களில் தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கின்றன. பழைய இரும்புக்காரர் எடைக்குத் தரும் சில நூறு வெள்ளிக்காக அவற்றைத் தள்ளிவிடாதீர்கள். எண் பட்டைக்கு நல்ல விலை வருகிறது என்று அதை மட்டும் கழற்றி விற்காதீர்கள். வண்டியின் கிராண்ட், அதாவது பதிவுப் பத்திரம், எங்கே இருக்கிறது என்று தேடிப் பத்திரப்படுத்துங்கள். சாலை வரி கட்டாமல் பல வருடம் நின்ற வண்டியை மறுபடி ஓட்ட, புஸ்பாகோம் போன்ற நிலையத்துக்கு வாகனச் சோதனைக்குக் கொண்டுபோக வேண்டியிருக்கும். அதற்கு முன் ஒரு நல்ல போமனிடம் காட்டுங்கள். வீட்டில் கைவேலையில் ஆர்வமுள்ள பிள்ளை இருந்தால் கூடவே அழைத்துப் போங்கள்.