மிக்ஸியை நிறுத்தச் சொல்லும் தியானம்

“நிகழ்கணத்தில் இரு” என்பது இப்போது ஒரு விற்பனை வாசகம். நூறு நாள் விடாமல் தியானம் செய்தால் ஆப் பதக்கம் கொடுக்கிறது. அதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து ஸ்டேட்டஸில் வைக்கிறார்கள். வைக்கட்டும். ஆனால் பதக்கம் வாங்கியவரோடு ஒரே வீட்டில் இருப்பவர்களிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. எனக்கு அவர்களிடம்தான் கேட்கத் தோன்றுகிறது.

இந்தப் பயிற்சிக்கு மூலமாகச் சொல்லப்படும் பாலி உரை ஸதிபட்டான சுத்தம். (தமிழில் ‘சதி’ என்று எழுதினால் விஷயம் வேறெங்கோ போய்விடுகிறது.) மூச்சைக் கவனிப்பதில் தொடங்கும் அந்த உரை அங்கேயே நிற்பதில்லை. நடப்பது, கையை மடக்குவது, சாப்பிடுவது, மெல்லுவது, மலஜலம் கழிப்பது, பேசுவது, பேசாமல் இருப்பது என்று கக்கூஸ் வரைக்கும் பட்டியல் நீள்கிறது. ஸதி என்ற சொல்லும் ஸ்மிருதி என்ற சொல்லும் ஒரே வேரில் வந்தவை. நினைவு என்று அர்த்தம். நேற்று ஒருவருக்குக் கொடுத்த வாக்கு இன்றைக்கு ஞாபகம் இருப்பதும் அதில் சேரும். நாம் வாங்கி வைத்திருக்கும் ‘நிகழ்கணத்தில்’ நேற்றும் கிடையாது, பக்கத்தில் ஆளும் கிடையாது.

கோயங்கா முறையின் 10 நாள் முகாமுக்குப் போய் வந்தவர்கள் அதிகாலை 4 மணி மணியோசை, மௌனம், முட்டிவலி எல்லாவற்றையும் சொல்வார்கள். மூச்சைக் கவனிக்கச் சொல்வதற்கு முன்பே கொல்லாமை, திருடாமை, பொய் சொல்லாமை என்று ஐந்து உறுதிகள் எடுக்க வைக்கிறார்களே, அதைப் பற்றி ஒருத்தரும் வாயே திறப்பதில்லை. கோயங்காவின் குரு ஊ பா கின் துறவி கூட இல்லை. பர்மாவின் அக்கவுண்டன்ட் ஜெனரல். காலையில் கோப்பு பார்த்தவர் தன் ஆபீஸ்காரர்களுக்கே தியானமும் சொல்லிக்கொடுத்தார். கணக்கைத் திருத்தாமல் எழுதுவதும் மூச்சைப் பார்ப்பதும் அந்த ஆபீஸில் ஒரே ஆளின் வேலையாக இருந்தன.

இங்கே நடப்பது என்ன? 1979இல் ஜான் கபாட்-ஜின் மாசசூசெட்ஸில் தீராத வலியோடு வந்த நோயாளிகளுக்காகத் தொடங்கிய பயிற்சி, கம்பெனிகளின் கைக்கு வந்ததும் வேறு ஜாதியாகிவிட்டது. “மூச்சைக் கவனிங்க” என்கிறார் எச்.ஆர். ஓவர்டைமைக் கவனிக்காதீங்க என்பதை வாய்விட்டுச் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

வீட்டுக்குள் இன்னும் மோசம். “தியானம் பண்றேன், சத்தம் போடாத” என்று ஆண் சொல்ல, பெண் மிக்ஸியை நிறுத்திவிட்டுக் காத்திருக்கும் வீடுகள் எனக்குத் தெரியும். இருபது நிமிடம் கழித்து, சாந்தமான முகத்தோடு வெளியே வந்து “டிபன் ரெடியா?” என்று கேட்பார். அந்த இருபது நிமிடமும் குழந்தை எழுந்துவிடுமா, பால் பொங்கிவிடுமா, பஸ் போய்விடுமா என்று ஒவ்வொரு கணமும் விழித்திருந்தவர் அவள். பதக்கம் அவருக்கு.

“அப்ப உட்காரவே வேணாமா?” என்று கேட்பீர்கள். வேணும். நான் தினமும் உட்காருகிறேன். கோபம் வார்த்தையாவதற்கு முன் நெஞ்சில் சூடாக, தாடையில் இறுக்கமாக வருகிறது. உட்கார்ந்து பழகாதவருக்கு அந்த அரை நொடி கண்ணில் படுவதே கஷ்டம். முட்டி வலிக்கும்போது காலை மாற்றாமல் அந்த வலியைப் பார்த்துக்கொண்டிருப்பது, பிறகு ஒருநாள் அந்த அரை நொடியைப் பிடிப்பதற்குத்தான். மிக்ஸிச் சத்தத்தில் எரிச்சல் கிளம்புகிறதா, பார்க்க வேண்டிய பொருளே அதுதான். அதை நிறுத்தச் சொன்னால் அன்றைய பாடத்தையே நிறுத்தச் சொன்ன மாதிரி.

இதற்கு நேர் எதிர் ஏமாற்று ஒன்றும் இருக்கிறது: “வேலையே தியானம்.” ஒரு நாளும் உட்காராதவர்கள் சொல்வது, அதுவும் பெரும்பாலும் சமையலறையைப் பார்த்து. திருவண்ணாமலை ஆசிரமத்தில் ரமணர் விடிவதற்கு முன்பே எழுந்து காய் நறுக்கினார் என்பதை உடனே எடுத்து வீசுவார்கள். ரமணர் அடுத்தவரிடம் கத்தியைக் கொடுத்துவிட்டு உபதேசம் பண்ணவில்லை, தானே நறுக்கினார். இவர்களும் ஒரு மாசம் விடியற்காலையில் எழுந்து நறுக்கட்டும், பாத்திரமும் தேய்க்கட்டும். அப்புறம் பேசலாம்.