2025 ஏப்ரல் வரை லாபம் ஏறுச்சு... ஷேர் விலை ஏறலையே! தூத்துக்குடி வங்கி சொல்லும் ‘வேல்யூ’ பாடம்

2022 செப்டம்பரில் தமிழ்நாடு மெர்க்கண்டைல் வங்கி, அதாவது டிஎம்பி, ஐபிஓ வந்தது. நம்ம ஊர் வங்கியாச்சேன்னு கடம்பூர், கோவில்பட்டி பக்கமும் பலர் ஆர்வமா பேசினாங்க. விலை 510 ரூபாய். ஒரு லாட் 28 ஷேர். மொத்தம் 14,280 ரூபாய்.

2025 ஏப்ரலில் முழு ஆண்டு ரிசல்ட் வந்தபோது ஷேர் விலை 450 ரூபாயைச் சுற்றித்தான் இருந்தது. அதே லாட்டின் மதிப்பு சுமார் 12,600. அப்போ வங்கி நஷ்டத்தில் ஓடுதா? இல்லை. இங்கேதான் விஷயமே இருக்கு.

ரிசல்ட் என்ன சொல்லுது?

1921-ல் நாடார் வங்கியாகத் தூத்துக்குடியில் தொடங்கி, 1962-ல் இப்போதைய பெயருக்கு மாறிய வங்கி இது. அதன் நிகர லாபம்:

• 2021-22: சுமார் 822 கோடி ரூபாய்
• 2022-23: சுமார் 1,029 கோடி
• 2023-24: சுமார் 1,072 கோடி
• 2024-25: சுமார் 1,183 கோடி

மொத்த வாராக்கடன் 2022 மார்ச்சில் 1.69 சதவீதம், 2025 மார்ச்சில் 1.25 சதவீதம். லாபம் கூடியிருக்கு, வாராக்கடன் குறைஞ்சிருக்கு. ஆனா 2025 ஏப்ரலில் ஷேர் விலை மட்டும் இறங்கியிருந்தது.

‘புத்தக மதிப்பு’ என்றால் என்ன?

ஒரு நிறுவனத்தின் சொத்தில் இருந்து கடனைக் கழித்து, மிச்சத்தை மொத்த ஷேர்களின் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது புத்தக மதிப்பு. ஐபிஓவுக்கு முன், 2022 மார்ச்சில் டிஎம்பிக்கு இது சுமார் 374 ரூபாய். 2025 மார்ச்சில் சுமார் 569 ரூபாய்.

அதாவது 374 ரூபாய் மதிப்புள்ளதை அன்னைக்கு 510 கொடுத்து வாங்கினாங்க. 2025 ஏப்ரலில் 569 ரூபாய் மதிப்புள்ளது 450-க்குக் கிடைச்சது. 2024-25-ல் ஒரு ஷேருக்கு ஆண்டு லாபம் சுமார் 75 ரூபாய். அப்போதைய விலை அதில் 6 மடங்குதான்.

மதிப்பை விடக் குறைந்த விலையில் வாங்கி, பொறுமையாகக் காத்திருப்பதுதான் ‘வேல்யூ இன்வெஸ்டிங்’. அமெரிக்காவின் பெஞ்சமின் கிரகாம் சொன்ன வழி. கணக்கு கொஞ்சம் தப்பினாலும் கையைக் கடிக்காத அளவுக்கு விலையில் இடைவெளி வேணும் என்பது அவர் கருத்து.

அப்போ கண்ணை மூடிட்டு வாங்கலாமா?

கூடாது. சந்தை ஒரு ஷேரை மலிவா வெச்சிருந்தா, ‘ஏன்?’ என்பதுதான் முதல் கேள்வி. டிஎம்பி விஷயத்தில் கவனிக்க வேண்டியவை:

• பழைய வழக்குகள்: மூலதனத்தில் 37.73 சதவீத ஷேர்கள் சட்ட வழக்குகளில் சிக்கியிருப்பதாக ஐபிஓ ஆவணத்திலேயே சொல்லப்பட்டிருந்தது.

• ஒரே மாநிலம்: ஐபிஓ நேரத்தில் இருந்த 509 கிளைகளில் 369 தமிழ்நாட்டில். இங்கே வியாபாரம் படுத்தா வங்கிக்கும் அடி.

• தலைமை மாற்றம்: 2023 செப்டம்பரில் நிர்வாக இயக்குநர் ராஜினாமா செய்தார். எஸ்பிஐயில் இருந்து வந்த சாலி சுகுமாரன் நாயர் 2024 ஆகஸ்டில்தான் பொறுப்பேற்றார்.

• லாப வேகம்: ஐபிஓவுக்குப் பிந்தைய ஆண்டுகளில் லாபம் கூடினாலும் பாய்ச்சல் இல்லை. 2023-24-ல் வளர்ச்சி சுமார் 4 சதவீதம்தான்.

இந்தக் காரணங்கள் தற்காலிகம் என்றால் அது வாய்ப்பு. தீராதவை என்றால், மலிவு விலையைக் காட்டி இழுக்கும் பொறி. விலை மட்டும் இந்த வித்தியாசத்தைச் சொல்லாது. நாலஞ்சு காலாண்டு ரிசல்ட்டைத் தொடர்ந்து படித்தால்தான் பிடிபடும்.

சின்ன முதலீட்டாளர் என்ன பார்க்கணும்?

கரிசக்காட்டில் நிலம் வாங்குறவங்க ஒரு வருஷ மழையை மட்டும் பார்த்து விலை பேச மாட்டாங்க. மண்ணு எப்படி, பத்திரத்தில் வில்லங்கம் இருக்கான்னு விசாரிப்பாங்க. ஷேருக்கும் அதே விசாரணைதான். லாபம், வாராக்கடன், புத்தக மதிப்பு எல்லாம் மண்ணு மாதிரி. வழக்கும் நிர்வாகமும் பத்திரம் மாதிரி.

இன்னொண்ணு: ‘வேல்யூ’ வெளியே வர எத்தனை வருஷம் ஆகும்னு யாராலும் சொல்ல முடியாது. உளுந்து விதைக்கவோ, பிள்ளைங்க ஃபீஸ் கட்டவோ அடுத்த வருஷம் தேவைப்படும் பணத்தை இதில் போட்டால், சரியான ஷேராக இருந்தாலும் தப்பான நேரத்தில் விற்க வேண்டி வரும்.

(இந்தக் கட்டுரை தகவலுக்காக மட்டுமே. இந்த ஷேரை வாங்கவோ விற்கவோ பரிந்துரை அல்ல.)